மரக்காணத்து மெக்கானிக்கின் கையிலும் லேப்டாப் வேண்டும்

மரக்காணம் உப்பளங்களுக்குப் போகும் சாலைகளில் அடிக்கடி கண்ணில் படும் வண்டி டி.வி.எஸ். எக்ஸ்.எல்.தான். பின்னால் மீன் கூடை கட்டியது, முன்னால் தண்ணீர்க் குடம் வைத்தது, உப்பு வாரும் பலகையைக் குறுக்கே செருகியது என ஒவ்வொன்றும் ஒரு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும். 1980-ல் டி.வி.எஸ். 50 என்று தொடங்கிய இந்தக் குடும்பத்து வண்டியைப் பழுதுபார்க்க நாற்பது ஆண்டுகளாக இரண்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஜெட்டைக் கழுவக் கொஞ்சம் பெட்ரோல் இருந்தால் போதும். 2020 ஏப்ரல் 1-ல் அந்தக் காலம் முடிந்தது. பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்ததும் எக்ஸ்.எல். 100-ல் இருந்த கார்புரேட்டர் போய், எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்து உட்கார்ந்தது. 100 சி.சி.யைக்கூடத் தொடாத மொபெட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர்.

மாற்றம் நல்லதற்குத்தான். புகை குறைந்தது, சோக்கை இழுத்துவிட்டு உதைத்துக்கொண்டே இருக்கிற பாடு போனது, மைலேஜும் கூடியது. கார்புரேட்டர் திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வண்டிக்குள் வந்த கம்ப்யூட்டரோடு பேசும் வழி, அதைப் பழுதுபார்க்கிறவரின் கைக்கு ஏன் வரவில்லை? "அண்ணே, வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்று வந்து நிற்கிறவரிடம், "இது எஃப்.ஐ. வண்டி தம்பி, ஷோரூமுக்கே எடுத்துட்டுப் போயிடு" என்று சொல்லும் நிலைக்கு முப்பது வருடம் தொழில் செய்தவர்களும் தள்ளப்பட்டிருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள சிற்றூர்களுக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை, ஒரு நாள் கூலி.

இன்ஜெக்ஷன் ஒன்றும் நேற்று முளைத்த தொழில்நுட்பம் இல்லை. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950-களிலேயே எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷனைச் செய்து பார்த்தது. அந்தக் காப்புரிமையை வாங்கி வளர்த்த ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-ல் ஃபோக்ஸ்வேகன் காரில் அதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது. நம் ஊரில் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகளைப் பரவலாக்கியதில் 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவுக்குப் பெரிய பங்கு உண்டு. பைக்கில் 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. வந்தது, 2009-ல் ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 500 வந்தது. அப்போதெல்லாம் விரும்பியவர் வாங்கினார். 2020-க்குப் பிறகு பெரும்பாலும் வேறு வண்டி இல்லை என்றாகிவிட்டது.

இந்தச் சாதனத்தைக் கற்றுக்கொள்ளச் சிறந்த வழி, கம்பெனி வண்டியின் பூட்டிய பெட்டியை வெளியிலிருந்து பார்ப்பது கிடையாது. தனியாக விற்கும் இன்ஜெக்ஷன் கிட் ஒன்றை வாங்கி, பழைய கார்புரேட்டர் இன்ஜினில் தன் கையால் பொருத்தி, ட்யூன் செய்து ஓட வைப்பதுதான். உலகம் முழுவதும் ஆர்வலர்கள் இப்படித்தான் கற்றார்கள். 2001-ல் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் வெளியிட்ட மெகாஸ்க்வர்ட், இன்ஜெக்ஷனை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வை வாங்குகிறவரே சால்டரிங் செய்து முடிக்கும் கிட்டாக வந்தது. பிறகு அர்டுயினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ வந்தது. அதன் வரைபடமும் நிரலும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி திறந்தே கிடக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்பதை மறைக்காத ஈ.சி.யு.வைவிட நல்ல பாடப்புத்தகம் ஒரு மெக்கானிக்குக்குக் கிடைக்காது.

பொருத்தும் வேலையில் பாதி, இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கிராங்க் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சென்சார், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார், இன்டேக் குழாயில் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சொல்லும் சென்சார்கள், இன்ஜின் சூட்டைச் சொல்வது ஒன்று, சைலன்சர் குழாயில் மிச்ச ஆக்சிஜனைப் பார்ப்பது ஒன்று. லேப்டாப்பைச் சொருகியதும் இன்ஜினின் கொள்ளளவு, இன்ஜெக்டர் நிமிடத்துக்கு எத்தனை சி.சி. பெட்ரோல் பீச்சும் என்ற அளவு எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மூடியும் முழுக்கத் திருகியும் அந்த இரண்டு எல்லைகளையும் ஈ.சி.யு.வுக்குக் காட்ட வேண்டும். அடுத்து டைமிங் லைட். ஈ.சி.யு. திரையில் 10 டிகிரி என்று காட்டினால் ஃப்ளைவீலிலும் அதே 10 டிகிரி தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பலர் அவசரத்தில் தாண்டிப் போகும் இடம் இது. இதில் தவறினால் பிறகு எந்த மேப்பைத் திருத்தியும் பயன் இல்லை.

ட்யூனிங் என்று சொல்லும் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஆர்.பி.எம். ஒரு பக்கமும் காற்றழுத்தம் இன்னொரு பக்கமுமாகக் கட்டம் கட்டமாக மேப் எனப்படும் ஓர் அட்டவணை இருக்கும். எந்த வேகத்தில், எந்தப் பாரத்தில் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் நிரப்ப வேண்டும். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று, எடை கணக்கில். சீராக ஓடும்போது இதை ஒட்டியே இருக்கலாம். முழு ஆக்சிலேட்டரில் 12.5 முதல் 13 வரை பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அங்கே பெட்ரோலை மிச்சம் பிடித்தால் இன்ஜின் நாக் அடித்து பிஸ்டனே ஓட்டையாகிவிடும். வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் காட்டும் எண்ணைப் பார்த்து ஒரு கட்டத்தைத் திருத்தி, ஓட்டிப் பார்த்து, அடுத்த கட்டத்துக்கு நகர்வதுதான் முறை. பொறுமைதான் இதில் பெரிய கருவி.

ஊரும் இதில் பேசும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்து சதவீதம் அளவுக்குக் குறைவு. அங்கே முழு ஆக்சிலேட்டர் திருகினாலும் அட்டவணையின் மேல் வரிசைக் கட்டங்களுக்கு இன்ஜின் போகவே போகாது. த்ராட்டிலை மட்டும் நம்பி அங்கே எழுதிய மேப்பை அப்படியே மரக்காணத்தில் இறக்கினால், கூடுதலாக வரும் காற்றுக்கு ஈடான பெட்ரோல் இல்லாமல் இன்ஜின் காய்ந்து ஓடும். யாரோ எங்கோ எழுதிய ஃபைலை வாங்கி ஏற்றிக்கொள்வதற்கும் ட்யூனிங்குக்கும் தூரம் அதிகம்.

இனி உப்புக்கு வருவோம். இந்தக் கரையில் இன்ஜெக்ஷனின் முதல் எதிரி அதுதான். மரக்காணத்தில் கிழக்கே கடல், நடுவே பக்கிங்காம் கால்வாய், தெற்கே 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி உப்புநீர் நிலம், சுற்றிலும் உப்புப் பாத்திகள். பாத்தி வரப்பிலும் கரையிலும் நாளெல்லாம் நிற்கிற வண்டியில் உப்பு படியாத இடமே இருக்காது. கார்புரேட்டர் காலத்தில் இது சைலன்சரையும் சேஸிஸையும் தின்றது. இப்போது கப்ளருக்குள் புகுந்து செம்பு முள்ளில் பச்சைக் களிம்பாக ஏறுகிறது. வண்டியின் சென்சார்கள் பேசுவது சில வோல்ட்டுகளிலும், வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு அளவு வித்தியாசங்களிலும்தான். அந்த முள்ளில் மெல்லிய களிம்பு படர்ந்தாலே பேச்சு குளறிவிடும்.

ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சார் குளிரக் குளிர மின்தடையைக் கூட்டிக் காட்டும் வகை. அதன் கப்ளரில் களிம்பு ஏறினால் அந்தக் களிம்பின் தடையும் சேர்ந்துகொள்ளும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தாலும், இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று ஈ.சி.யு. நம்பி, காலை ஸ்டார்ட்டுக்குக் கொடுக்கிற மாதிரி பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மைலேஜ் விழும், ப்ளக் கறுக்கும். ஷோரூமில் ப்ளக்கை மாற்றுவார்கள், பிறகு இன்ஜெக்டரைக் கழுவுவார்கள், கடைசியில் ஈ.சி.யு.வையே மாற்றச் சொன்னாலும் ஆச்சரியம் இல்லை.

இன்ஜெக்டரின் கதை இன்னும் நுட்பமானது. ஐடிலிங்கில் அது ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லி செகண்ட்தான் திறக்கிறது. கரண்ட் வந்த பிறகு ஊசி உண்மையில் எழுவதற்கே ஒரு மில்லி செகண்ட் அளவுக்குப் பிடிக்கும், வோல்ட் இறங்க இறங்க இந்தத் தாமதம் நீளும். பேட்டரி இறங்கினால் ஈ.சி.யு. தானாகவே நேரத்தைக் கூட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அது அளப்பது தனக்கு வரும் வோல்ட்டை மட்டும். இன்ஜெக்டர் கப்ளரில் களிம்பேறி அங்கே ஒரு வோல்ட் காணாமல் போனால் அதற்குத் தெரியாது. ஊசி தாமதமாக எழும், பெட்ரோல் குறையும், வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். ஆக்சிஜன் சென்சார் இதை ஓரளவு சரிக்கட்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினிலும், முழு ஆக்சிலேட்டரிலும் அதன் சொல்லை ஈ.சி.யு. கேட்பதில்லை. ஆகவே மூட்டையோடு மேடேறும் நேரத்தில்தான் கோளாறு தலைகாட்டும்.

இவற்றைக் கண்டுபிடிக்க லட்ச ரூபாய் ஸ்கேனர் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், நல்ல எர்த்தில் சில பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டாது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கழற்றி, துருவைத் தேய்த்து, மறுபடி முடுக்க வேண்டும். கப்ளரைக் காண்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, ரப்பர் சீலில் சிலிக்கான் கிரீஸ் தடவினால் அடுத்த மழைவரை கவலையில்லை. அதேபோல் விட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லாம்ப் ஊசியை வயரின் தோலில் குத்துவது. குத்திய ஓட்டை வழியே உப்பு ஈரம் உள்ளே போய், வெளித்தோல் புதிதுபோல் இருக்கும்போதே உள்ளே செம்பு பொடியாகிவிடும். உள்நாட்டு ஊர்களில் இந்தப் பழக்கம் தப்பித்துக்கொள்ளும். உப்பளத்தோரம் தப்பாது.

இந்த அறிவு தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும் கல்லூரி அணிகளைப் பார்த்தால் தெரியும். கே.டி.எம். 390 போன்ற பைக் இன்ஜினை எடுத்து, போட்டி விதிப்படி 20 மில்லிமீட்டர் துளை வழியாக மட்டுமே காற்று போகும்படி அடைத்து, தனி ஈ.சி.யு. பொருத்தி, மேப் முழுவதையும் புதிதாக எழுதுகிறார்கள் இருபது வயது மாணவர்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் 1990 முதல் வளர்ந்த ட்யூனர்களுக்கும் இது கைவந்த கலை. பந்தயத் தளத்துக்கும் பொறியியல் கல்லூரிக்கும் எட்டிய பாடம், தெருமுனைப் பட்டறைக்கு எட்டவில்லை என்பதுதான் குறை. அதைத் தீர்க்கும் இடம் ஐ.டி.ஐ.

தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோவும் சி.என்.சி. எந்திரமும் வந்தன, வரவேற்க வேண்டியவை. அந்தத் தொகையில் துளி அளவு ஒதுக்கினால் மோட்டார் மெக்கானிக் பிரிவு இருக்கிற ஒவ்வொரு ஐ.டி.ஐ.யிலும் ஓர் இன்ஜெக்ஷன் பெஞ்ச் வைக்கலாம். பழைய பைக் இன்ஜின் ஒன்று, திறந்த நிரலில் ஓடும் ஈ.சி.யு. ஒன்று, வைட்பேண்ட் சென்சார், டைமிங் லைட், பழைய லேப்டாப். வயரிங்கை மாணவர்களே கட்ட வேண்டும், ட்யூனிங்கையும் அவர்களே செய்ய வேண்டும். பிறகு ஆசிரியர் ஒரு கப்ளரில் வேண்டுமென்றே உப்புத் தண்ணீரை விட்டுவைத்து, கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். கடலோர மாவட்டங்களின் பாடத்திட்டத்தில் இந்தக் கடைசிப் பயிற்சி கட்டாயமாக இருப்பது நல்லது.

படித்துவிட்டு வந்தாலும் கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வது? பி.எஸ். 6 இரு சக்கர வண்டிகளில் ஆறு முள் கொண்ட சிவப்புக் கப்ளர் ஒன்று பொதுவாக இருக்கிறது. சாதாரண ஸ்கேனரைச் சொருகினால் மாசு தொடர்பான கோளாறு எண்கள் வந்துவிடும். சென்சாரை மாற்றிய பின் அதை ஈ.சி.யு.வுக்கு அறிமுகம் செய்வது, வேறு ஈ.சி.யு.வை வண்டியோடு இணைப்பது போன்ற வேலைகளுக்குக் கம்பெனியின் கருவி வேண்டியிருக்கிறது. வயரிங் வரைபடமும் வெளியில் எளிதில் கிடைப்பதில்லை. இந்த அநீதியைச் சட்டம் பார்க்காமல் இல்லை. 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்து, உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்து, அந்த டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கியது. அதன் பட்டியலில் மோட்டார் வாகனமும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் 2012-லேயே இதைச் சட்டமாக்கி, கார் நிறுவனங்களை வழிக்குக் கொண்டுவந்தது. இங்கே இணையதளத்தோடு நின்றால் போதாது. வயரிங் வரைபடம், சென்சார் அளவுகள், அறிமுகம் செய்யும் வசதி மூன்றையும் நியாயமான விலையில் யாருக்கும் தரச் சொல்லும் சட்டம் வேண்டும்.

பழைய வண்டிகளின் நிலை இன்னொரு சிக்கல். 2020-க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. பங்க்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறது. எத்தனாலுக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே போதும், ஆகவே கலவைக்கான அளவு 14.7-லிருந்து சுமார் 13.5-க்கு இறங்குகிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்ஷன் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஜெட்டின் துளைக்கு அந்த அறிவு கிடையாது, இன்ஜின் காய்ந்து ஓடும். தரமான இன்ஜெக்ஷன் கிட் இந்த வண்டிகளுக்கு உதவும். பிலிப்பைன்ஸில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த என்விரோஃபிட் அமைப்பு, வீகான் நகரத்தின் டூ ஸ்ட்ரோக் சவாரி வண்டிகளுக்கு இன்ஜெக்ஷன் கிட் பொருத்தியது. கார்பன் மோனாக்சைடு 76 சதவீதமும் எரியாத ஹைட்ரோகார்பன் 89 சதவீதமும் குறைந்ததாக அந்த அமைப்பு சொன்னது. பெட்ரோல் செலவு போக மிஞ்சிய காசில் டிரைவர்களின் குடும்பம் நடக்கும் ஊர்களில் இப்படிப்பட்ட கிட்டுக்கு அர்த்தம் அதிகம்.

இந்தியாவில் அதற்குச் சாலை திறக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்தவர் தந்த அமைப்பை உரிமையாளர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட்டுகளுக்கும் மின்வாகன மாற்றத்துக்கும் சோதனை செய்து சான்று பெற்றுப் பொருத்த வழி வைத்திருக்கிறார்கள். இன்ஜெக்ஷன் கிட்டுக்கும் அதே வழி வேண்டும். சோதிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை, ஒரகடத்திலேயே மத்திய அரசின் ஜி.ஏ.ஆர்.சி. வாகன ஆய்வு மையம் இருக்கிறது.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ட்யூனிங் கருவியைத் திறந்துவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு வேகத்துக்கு ஓட்டுவார்கள் என்பது வெறும் பயம் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் வெளியிட்ட அறிக்கை, பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்-அப் வண்டிகளில் மாசுக் கருவிகள் பிடுங்கப்பட்டதாகக் கணக்கிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதியில் வெடிச் சத்தத்தோடு சீறும் பைக்குகளுக்குப் பக்கத்தில் நடந்து போகிறவர்கள் இதே மீனவர்களும் உப்பளத் தொழிலாளர்களும்தான். ஆகவே எதையும் கட்டுப்பாடில்லாமல் திறந்துவிடச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. கலிஃபோர்னியா செய்வதைப் பின்பற்றலாம். மாசைப் பாதிக்கக்கூடிய வெளிச்சந்தைப் பாகங்களை அங்கே காற்று வாரியம் பரிசீலிக்கிறது, மாசைக் கூட்டாதவற்றுக்கு மட்டும் அனுமதி எண் தருகிறது, எண் இல்லாதது சாலைக்கு வரக் கூடாது. பழுதுபார்க்கத் தேவையான தகவலைத் தருவதும், மாசு வரம்பை மாற்றும் அதிகாரத்தைத் தருவதும் வெவ்வேறு கதவுகள். முதல் கதவைத் திறந்து, இரண்டாவதைப் பூட்டியே வைக்க முடியும். அதோடு, அரைகுறையாகக் கற்றவரைவிட முழுதாகக் கற்ற மெக்கானிக்தான் ஆக்சிஜன் சென்சாரைப் பிடுங்கத் தயங்குவார். அது இல்லாமல் இன்ஜினுக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இந்தக் கரையின் பணக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. மழை பிடித்தால் பாத்திகள் மூழ்கி உப்பு வாரும் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். களிம்பேறிய ஒரு கப்ளரைக் கண்டுபிடிக்கத் தெரியாததால் போடப்படும் ஒரு ஈ.சி.யு. பில், அந்த நிவாரணத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

கைக்கெட்டும் தூரத்தில் உதவி இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்குகிறது. கடல் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதிக்க மண்டபத்தில் அதற்கு நிலையமே உண்டு. பாலத்துக்கும் கப்பலுக்கும் பயன்பட்ட அந்த அறிவை வண்டி கப்ளருக்கும் எர்த் வயருக்கும் இறக்கி, எந்த கிரீஸ், எந்தப் பூச்சு இந்தக் கரையில் தாக்குப்பிடிக்கிறது என்று தமிழில் ஒரு சிறு கையேடு போடச் சொல்லலாம். ஐ.டி.ஐ. பெஞ்சில் மாலை வகுப்பு நடத்த மழை மாதங்கள்தான் தோது, பட்டறைகளில் அப்போது வேலை குறைவு. விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் முதலில் ஒரு ஐ.டி.ஐ.யில், மரக்காணத்திலிருந்து கூனிமேடு வரையிலான கடற்கரை மெக்கானிக்குகளைக் கொண்டு தொடங்கலாம். சான்றிதழ் பெற்றவர், பெறாதவர் என்ற பாகுபாடு வேண்டாம். முதல் நாள் பாடம் மல்டிமீட்டரும் எர்த் வயருமாக இருந்தால், மறுநாள் காலையிலேயே தங்கள் கடையில் நிற்கிற வண்டியில் அதைச் செய்து பார்த்துவிடுவார்கள். மேப்பும் லேப்டாப்பும் இரண்டாம் வாரத்தில் வரட்டும்.